எருக்கலையும் அதன் விருந்தினரும்

தமிழ் நிலத்தில் இயல்பாக வளரும் செடிகளுள் மக்களால் மிகவும் இகழப்பட்டது எருக்கு. யாழ்ப்பாணத்தில் எருக்கலை என வழங்கும் இச்செடி தெருவோரத்திலும் பாழ்நிலத்திலும் இடிந்த சுவரின் அடியிலும் ஒருவர் நடாமலும் நீர் வாராமலும் தானே முளைத்துத் தழைப்பது. குடி அழிந்த மனையை ‘எருக்கு முளைத்த இடம்’ என்று சுட்டும் வழக்கும் உண்டு. ஆதலின், வளவைத் துப்புரவு செய்வோர் முதலில் வெட்டி எறிவது இதனையே. வண்டுகளுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் உணவும் உறைவிடமும் அளித்தற்பொருட்டுத் தோட்டம் அமைக்கும் வழக்கம் இன்று பல நாடுகளிலும் பரவி வருகின்றது. அத்தகைய தோட்டத்தை அமைக்க எண்ணுவோரும் எருக்கலையை வெட்டிவிட்டு, அவ்விடத்தில் வேற்று நாட்டுப் பூஞ்செடிகளை விலைகொடுத்து வாங்கி நடுகின்றனர். அவர் தேடும் பயனை வெட்டுண்ட அச்செடியே தந்திருக்கும் என்பது அதன் பூவையும் இலையையும் ஆராய்வார்க்கு எளிதிற் புலனாகும்.

பண்டைத் தமிழர் இச்செடியை அறவே ஒதுக்கினாரல்லர். புறநானூற்றின் 106 ஆம் பாட்டிலே கபிலர், நல்லது தீயது என்னும் இருவகையிலும் சேராத எளிய எருக்கம்பூவை ஒருவர் படைத்தாலும் தெய்வம் அதனை வேண்டாமென்று தள்ளாது எனக் கூறி, அவ்வாறே எளியோரையும் ஏற்றுக் கொடுப்பவன் பாரி எனப் புகழ்ந்தார். மடலேறத் துணிந்த தலைவன் எருக்கம்பூ மாலை சூடி மன்றிலே வருதலைக் குறுந்தொகை காட்டுகின்றது. எருக்கு சிவபெருமான் சூடும் மலராகத் தேவாரத்திற் போற்றப்படுகின்றது. விநாயக சதுர்த்தியன்று எருக்கமாலை சாத்துதலும், இரத சப்தமியன்று ஏழு எருக்கிலைகளைத் தலையிலும் தோளிலும் வைத்து நீராடுதலும் இன்றும் நிகழ்வன. கோயிலுக்கு ஏற்றது, வளவுக்கு ஆகாதது என இருவேறு நிலை பெற்ற செடி இதுபோல் வேறொன்று அரிது.

சுவீடன் நாட்டு இலின்னேயசு என்னும் தாவரவியலார் 1753 ஆம் ஆண்டில் இதனை அசுக்கிளெப்பியாசு என்னும் சாதியுட் சேர்த்துப் பெயரிட்டார். அசுக்கிளெப்பியசு என்பது கிரேக்கருடைய மருத்துவத் தெய்வத்தின் பெயர். பின்வந்த அறிஞர் இதனை வேறு பிரித்துக் கலொத்திரோப்பிசு சைகாந்தியா என வழங்கினர். இந்தியா, இலங்கை முதலாகத் தென்கிழக்காசியா வரையுள்ள நிலப்பரப்பு இதன் தாயகம். இஃது ஓராண்டில் முளைத்துப் பூத்து மடிவதன்று. பல்லாண்டு வாழும் செடி. 6 அடி முதல் 10 அடி வரை வளரும். தடித்து அகன்ற இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். இளந்தண்டிலும் இலையின் அடிப்புறத்திலும் வெண்பஞ்சு போன்ற மெல்லிய படலம் காணப்படும். பூக்கள் பெரும்பாலும் ஊதா நிறத்தன. வெண்மையாகப் பூப்பதை வெள்ளெருக்கு என்பர். கோடையிலே பிற செடிகள் வாடி நிற்குங் காலத்தும் இஃது ஓயாது பூத்துக்கொண்டிருத்தல் கருதத்தக்கது.

பூவின் அமைப்பு வியப்புத் தருவது. ஐந்து இதழ்கள் தடித்து விரிந்து கிடக்க, நடுவில் முடிபோன்ற ஓர் உறுப்பு எழுந்து நிற்கும். அம்முடி ஐந்து சதைப்பற்றான பிரிவுகளை உடையது. அதனாலேயே ஆங்கிலேயரும் இதற்கு முடிப்பூ எனப் பொருள்படும் பெயரை இட்டனர். முடியின் அடிப்பகுதியிலுள்ள குழிகளில் தேன் திரண்டிருக்கும். கேசரங்களும் சூலகத்தின் தலையும் தனித்தனியே நில்லாது ஒன்றோடொன்று இணைந்து, ஐந்து மூலைகளையுடைய ஒரு பீடம்போல் ஆகியிருக்கும். பிற பூக்களின் மகரந்தம் தூளாக உதிர்வது. எருக்கம்பூவின் மகரந்தமோ மெழுகுபோன்று திரண்டு சிறு கட்டிகளாக அமைந்துள்ளது. இரண்டிரண்டு கட்டிகளைச் சிறு காம்புகள் ஒரு கவ்வியுடன் இணைத்து நிற்கும். பூவொன்றில் இத்தகைய இணைகள் ஐந்து உள.

தேனுண்ண வரும் வண்டு முடியின்மேல் அமர்ந்து காலை ஊன்றும்பொழுது, பீடத்தின் பக்கங்களிலுள்ள ஒடுங்கிய பிளவொன்றில் அதன் கால் நழுவி வீழும். காலை மேனோக்கி இழுக்கையில் அது கவ்வியிற் சென்று மாட்டிக்கொள்ளும். வண்டு வலிந்து இழுத்துப் பறக்கவே, கவ்வியும் அதனுடன் பிணைந்த இரு கட்டிகளும் பூவினின்று பெயர்ந்து காலொடு செல்லும். அடுத்த பூவில் அமருங்கால், அக்கட்டிகளுள் ஒன்று அங்குள்ள பிளவிற் செருகுண்டு நிற்றலும் உண்டு. அவ்வாறு நின்றால் மகரந்தச் சேர்க்கை நிகழும். ஒரு கட்டியில் நூற்றுக்கணக்கான மகரந்தமணிகள் உள்ளமையால், ஒருமுறை பொருந்திய கட்டியொன்றே ஒரு காயின் விதைகளுக்குப் போதுமானது. பொருந்துதல் அரிதாகவே நிகழ்வதால், கொத்துக் கொத்தாகப் பூத்தபோதிலும் காய்கள் சிலவே தோன்றுகின்றன.

ஸ்கொட்லாந்து நாட்டுத் தாவரவியலாராகிய றொபேட் பிறவுண் என்பார் இவ்வினப் பூக்களினதும் ஓக்கிட்டுப் பூக்களினதும் மகரந்தச் சேர்க்கையை 1831 ஆம் ஆண்டில் விரிவாக ஆராய்ந்தார். உயிர்க்கலத்தின் நடுவே அமைந்த கருவுக்கு இன்று வழங்கும் பெயரை அவர் இட்டதும் அந்த ஆராய்ச்சியின்போதே என்பதை உயிரியல் பயிலும் மாணாக்கர் அறிந்திருத்தல் நன்று.

கவ்வியினின்று காலை விடுவித்தற்கு வலிமை வேண்டும். இவ்வினத்துப் பூக்களிற் சிறு பூச்சிகள் காலை மீட்கமாட்டாது அங்கேயே இறந்து கிடத்தலும் உண்டு. ஆதலின் எருக்குக்கு உரிய தூதனாய் அமைந்தது உடல் பருத்த கருவண்டாகும். ஏறத்தாழ ஓரங்குல நீளமும், கரிய உடலும், நீலச்சாயல் வீசும் சிறகுகளும் உடைய இவ்வண்டு தேனீயின் இனத்தைச் சார்ந்தது. காய்ந்த மரத்தில் வட்டமாகத் துளையிட்டு வாழ்வதாற் தச்சுத் தேனீ எனவும் பெயர்பெறும். இரைச்சலோடு பறப்பதைக் கண்டு சிறுவர் அஞ்சுவர். எனினும் ஆண் வண்டுக்குக் கொடுக்கு இல்லை. பெண் வண்டும் கையிற் பிடித்து வருத்தினாலன்றிக் கொட்டுவதில்லை.

ஈண்டு ஓர் உண்மை கவனிக்கற்பாலது. எருக்கு இவ்வண்டுக்குத் தேனை அளிக்கின்றதேயன்றி மகரந்தத்தை உணவாக அளிப்பதில்லை. கட்டியாகத் திரண்ட மகரந்தம் வண்டின் காலிற் சுமையாகச் செல்லுமே தவிர உணவாகாது. வண்டோ தன் குஞ்சுகளுக்கு மகரந்தத்தையும் தேனையும் குழைத்து உருண்டையாக்கி வைக்கும் இயல்பினது. எனவே எருக்கலையை மாத்திரம் நட்டுவிட்டு வண்டுகள் பெருகுமென எதிர்பார்த்தல் பொருந்தாது. இக்குறையை நிறைவு செய்யும் செடியும் நம் நிலத்திலேயே உண்டு. அது வறண்ட நிலத்தில் மஞ்சட் பூப்பூக்கும் ஆவரை. ஆவரம்பூவில் தேன் இல்லை. மகரந்தம் மிகுதியாக உண்டு. அம்மகரந்தமும் கேசரத்தின் நுனியிலுள்ள சிறு துவாரங்களின் வழியாகவே வெளிப்படும். கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிர்த்து அதனை உதிர்த்தெடுக்கின்றது. தேனுக்கு எருக்கும் மகரந்தத்துக்கு ஆவரையும் அருகருகே நிற்பின், வண்டின் உணவு நிறைவாகும்.

உணவு அமைந்தபின் வேண்டுவது உறைவிடம். கருவண்டு பட்ட மரம், காய்ந்த கிளை, மூங்கில், பனஞ்சலாகை என்பவற்றிலே துளையிட்டு, அத்துளையை மரத்தூளால் அறைகளாகத் தடுத்து, அறைக்கு ஒரு முட்டையாக இடும். முன்னாளில் யாழ்ப்பாணத்து வளவுகளைச் சூழ்ந்திருந்த கதியால் வேலிகளிற் பட்டுப்போன கதியால்களும் ஓலை வீட்டுக் கூரைமரங்களும் இதற்கு இடமளித்தன. வேலிகள் மதில்களாகவும் கூரைகள் சீமெந்துத் தட்டுகளாகவும் மாறியபொழுது வண்டு தன் இருப்பிடத்தை இழக்கின்றது. எஞ்சிய வீட்டு வளையிலே துளையிடத் தலைப்படின், வீட்டார் மண்ணெண்ணெய் ஊற்றி அதனை அழிப்பர். தோட்டத்தின் ஒரு மூலையில், மழைநீர் தங்காத இடத்தில், காய்ந்த மரக்குற்றி ஒன்றையோ மூங்கிற் கட்டொன்றையோ நிலத்துக்குச் சற்று உயரத்தில் அமைத்துவிடின், வண்டுக்கு இடமும் வீட்டு வளைக்குக் காவலும் ஒருங்கே கிடைக்கும்.

எருக்கின் பூவுக்கு வரும் விருந்தினன் வண்டு. அதன் இலைக்கு வரும் விருந்தினன் வேறு. செம்மஞ்சள் நிறச் சிறகும், கரிய சிறகுநுனியும், அந்நுனியில் வெண்புள்ளிகளும் உடைய வண்ணத்துப்பூச்சி ஒன்று இந்நாட்டுச் சமவெளிகளில் எங்கும் மெல்லப் பறந்து திரியக் காணலாம். இதற்கு வெந்தய வரியன் என்று தமிழிற் பெயரிட்டுள்ளனர். இதன் பெண் எருக்கிலையின் அடிப்புறத்தில் முட்டைகளை ஒவ்வொன்றாக வைக்கும். சில நாளில் வெளிவரும் புழு, வெண்மை, கருமை, மஞ்சள் ஆகிய நிறங்களால் வரிவரியாக அழகுசெய்யப்பட்டது. முதுகில் மூவிணைக் கரிய இழைகளைக் கொண்டது. இரண்டு கிழமை அளவில் அது முழு வளர்ச்சி பெற்றுக் கூட்டுப்புழுவாகித் தொங்கும். பின்னும் ஒரு கிழமை அளவிற் சிறகு முளைத்து வெளிவரும்.

எருக்கின் பால் பிற உயிர்களை அணுகவொட்டாத காவல். அதில் இதயத்தைத் தாக்கும் நச்சுப் பொருள்கள் உள. அன்றியும் அது விரைவில் உறைந்து இலை தின்னும் பூச்சியின் வாயை ஒட்டிவிடும். இப்புழுவோ முதலில் இலையின் நடுநரம்பைக் கடித்து அறுத்துப் பாலை வடியவிட்டு, பின்னர் அறுத்த இடத்துக்கு அப்பாலுள்ள பகுதியைத் தின்னும். செடியிலுள்ள நஞ்சிற் சிறிது புழுவின் உடலிற் சேர்ந்து, சிறகு பெற்ற பின்னும் நிலைத்திருத்தல் உண்டு. அதன் அளவு உண்ட செடிக்கேற்ப வேறுபடும். இதனை உண்ட பறவை வாந்தியெடுத்து, பின் அந்நிறத்தைக் கண்டாலே விலகும். அமெரிக்காவில் லிங்கன் புரோவர் என்னும் விஞ்ஞானி 1960 களில் இவ்வினத்தைச் சார்ந்த மன்னர் வண்ணத்துப்பூச்சியைக் கொண்டு செய்த சோதனைகள் இதனைத் தெளிவாக நிறுவின. நஞ்சில்லாத வேறொரு வண்ணத்துப்பூச்சியின் பெண் வெந்தய வரியனின் நிறத்தை அப்படியே போர்த்துக்கொண்டு உயிர் பிழைத்தலும் இலங்கையிற் காணத்தக்க காட்சியே.

மேற்கூறிய மன்னர் வண்ணத்துப்பூச்சியின் வரலாறு எருக்கலையை இகழ்வார்க்கு ஓர் எச்சரிக்கையாகும். அதன் புழு, எருக்குக்கு உறவான பாற்செடிகளையன்றி வேறெதனையும் உண்பதில்லை. கனடாவினின்றும் ஐக்கிய அமெரிக்காவினின்றும் பல்லாயிரங் கல் பறந்து மெக்சிக்கோ நாட்டு மலைக்காடுகளில் அது மாரியைக் கழிக்கின்றது. அவ்விடத்தை விஞ்ஞானிகள் 1975 இலேயே கண்டறிந்தனர். 1990 களின் பின் சோளம், சோயா வயல்களிற் களைகொல்லி பெருமளவில் தெளிக்கப்பட்டமையால் வயலோரப் பாற்செடிகள் மறைந்தன. வண்ணத்துப்பூச்சியின் தொகை குன்றுதற்கு அதுவும் ஒரு முதன்மையான காரணமாகக் கொள்ளப்படுகின்றது. பின்னர் மக்கள் தத்தம் தோட்டங்களிற் பாற்செடி நடத் தலைப்பட்டனர். அவருட் சிலர் எளிதிற் கிடைத்த வெப்பவலயப் பாற்செடியைத் தென் மாநிலங்களில் நட்டபொழுது வேறொரு கேடு விளைந்தது. உள்நாட்டுச் செடிகள் மாரியில் மடிந்து புதிதாகத் தளிர்ப்பன. வந்தேறிய செடியோ மடியாது நின்று, ஒட்டுண்ணி நோயொன்றை ஆண்டு முழுவதும் இலையிலே பேணிக் கொடுத்தது. அந்தந்த நிலத்துக்கு உரிய செடியே நடத்தக்கது என்னும் விதி இதனால் வலுப்பெறுகின்றது. அவ்விதிப்படி எருக்கும் தன் நிலத்திலேயே நிற்கத்தக்கது. எருக்கின் மற்றோர் இனம் அவுஸ்திரேலியாவின் வடபாகத்திற் புகுந்து, மேய்ச்சல் நிலங்களைக் கவர்ந்து களையாயிற்று.

எருக்கலையை வளர்ப்பதற்குப் பெருமுயற்சி வேண்டுவதில்லை. நாள் முழுவதும் வெயில் படுவதும் நீர் தேங்காததுமான இடமே முதன்மையானது. மணற்பாங்கான தரையும் கல்லடர்ந்த செம்மண்ணும் ஏற்றன. நிழலும் சேறும் ஆகா. கிணற்றடி, வாழைப்பாத்தி முதலிய ஈரமான இடங்களை விலக்குக. ஒன்றுக்கொன்று 6 அடி இடைவெளி விட்டு, இரண்டு மூன்று செடிகளேனும் நடுதல் வேண்டும். வேறொரு செடியின் மகரந்தம் வந்தாற்றான் பெரும்பாலும் காய் பிடிக்கும். ஒரு புழு வளர்தற்குப் பல இலைகளும் வேண்டியிருக்கும். எரு இடவேண்டுவதில்லை.

விதையிற் பயிரிடுவோர், காய் முற்றி வெடிக்கத் தொடங்குமுன் அதனைச் சிறு துணியாற் கட்டிவிடுதல் நன்று. இன்றேல் பட்டுப்போன்ற பஞ்சோடு விதைகள் காற்றிற் பறந்துவிடும். பஞ்சை நீக்கி, அரை அங்குல ஆழத்துக்கு மேற்படாமல் மணல் கலந்த மண்ணில் ஊன்றி ஈரம் காத்துவர, ஓரிரு கிழமையில் முளைக்கும். ஆணிவேர் ஆழச் செல்லுமாதலால், நாற்றைச் சிறிதாயிருக்கும்போதே மண்ணொடு பெயர்த்து நடல் வேண்டும். வளர்ந்த செடியைப் பிடுங்கி நடின் அது பிழைத்தல் அரிது. தடியில் வளர்ப்போர், விரற்பருமனுள்ள முற்றிய தண்டை ஓரடி நீளத்தில் வெட்டி, பால் உறைந்து காயும்படி ஓரிரு நாள் நிழலில் வைத்துப் பின் நடுவர். ஒரே தாய்ச்செடியின் தடிகள் எத்தனை நட்டாலும் அவை இயல்பில் ஒரே செடியாதலின், வேறுவேறு செடிகளினின்று தடியெடுத்தல் வேண்டும். வடபகுதியிற் புரட்டாதியில் நட்டால், ஐப்பசி முதற் பெய்யும் மழையே போதிய நீராகும். முதலாவது கோடையில் மாத்திரம் இடையிடையே நீர் வார்த்தல் வேண்டும்; அதன்பின் வேர் தன் நீரைத் தானே தேடிக்கொள்ளும். செடி பரந்து உயர்ந்துவிடின், ஆண்டுக்கு ஒருமுறை பாதிக் கிளைகளை மாத்திரம் வெட்டிவிடலாம். ஒருங்கே வெட்டினால் அதிலுள்ள முட்டையும் புழுவும் அழியும்.

இச்செடியின் பால் நஞ்சென்பதை ஒருபோதும் மறத்தலாகாது. அது கண்ணிற் பட்டாற் கருவிழியை வீங்கச் செய்து பார்வையை மங்கச் செய்யும். தொடக்கத்தில் நோவு தோன்றாதிருத்தலும் உண்டு. வெட்டும்போது கையுறை அணிந்து, முகத்தை விலக்கி வைத்து, பின் சவர்க்காரமிட்டுக் கைகழுவல் வேண்டும். கண்ணிற் பட்டால் உடனே நிறைந்த நீராற் பலமுறை கழுவி, தாமதியாது வைத்தியரிடஞ் செல்லல் வேண்டும். சித்த மருத்துவத்தில் எருக்கு இடம்பெறுவதை எண்ணி, முறையறியாதார் அதனை உட்கொள்ளுதல் உயிருக்கே இடராகும். சிறுவர் விளையாடும் முற்றத்திலும் நடைபாதையோரத்திலும் இதனை நடாது, வளவின் கோடியில் நடுதலே தக்கது.

தோட்டக்காரருக்கு மிகக் கடினமான செயல் நடுதலன்று. நட்டபின் சும்மா இருத்தலே. நட்ட செடியின் இலையிற் பொத்தல் விழுந்தவுடன் மருந்து தெளித்தல் பலர்க்கும் பழக்கமாகிவிட்டது. வண்ணத்துப்பூச்சிக்காக நட்ட செடியில் இலை தின்னப்படுதல் கேடன்று. அதுவே நட்டதன் பயன். தளிர்களில் மஞ்சள் நிறச் செடிப்பேன் அடர்ந்து மொய்க்கும். அதனையும் பொறுத்திருப்பின், அதனைத் தின்னும் பொறிவண்டுகள் தாமே வந்து சேரும். மிகுதியாயின் நீரைப் பீச்சிக் கழுவிவிடலாம். நஞ்சு தெளித்தல் செடிப்பேனோடு புழுவையும் வண்டையும் கொல்லும். முற்றாக இலையிழந்த எருக்கலையும் சில கிழமையில் மீளத் தளிர்க்கும் வலிமையுடையது. ஆண் வெந்தய வரியன்கள் தேள்கொடுக்கி, கிலுகிலுப்பை என்னும் செடிகளிற் சில இரசாயனப் பொருள்களைப் பெற்றே பெண்ணைக் கவரும் மணத்தை ஆக்குகின்றன. ஆகலின் களையென எண்ணப்படும் அவற்றுக்கும் எருக்கின் அருகே ஓரிடம் விட்டுவைத்தல் நன்று.

இவ்வளவும் பூச்சிகளின் நலங்கருதி மாத்திரம் செய்யப்படுவதன்று. கத்தரிப்பூவின் மகரந்தமும் ஆவரம்பூவிற் போலவே துவாரத்தின் வழியே உதிர்வது. கருவண்டு போன்ற உடலதிர்க்கும் தேனீக்கள் வந்தால் அதிற் காய் நன்கு பிடிக்கும். பெட்டியில் வளர்க்கும் தேனீ அவ்வாறு அதிர்க்கமாட்டாது. முருங்கைப்பூவை நாடி வரும் வண்டுகளுள்ளும் கருவண்டு சிறந்தது. பாசன் பழக் கொடியில் வண்டு வாராத இடங்களிற் பூப்பூவாகக் கையாலே மகரந்தம் தடவவேண்டியிருக்கின்றது. இப்பயிர்கள் பூப்பது சில மாதங்களே. வண்டோ ஆண்டு முழுவதும் உண்ணவேண்டும். எஞ்சிய மாதங்களில் அதற்குத் தேனூட்டிக் காத்து, கத்தரியும் முருங்கையும் பூக்குங் காலத்தில் ஆயத்தமாக நிறுத்தி வைப்பது வேலிக்கு வெளியே நிற்கும் எருக்கலையே. அதனை வேரோடு அகழ்ந்தெறிந்தவர் தம் தோட்டத்துக் காய் குறைந்ததற்கு மண்ணையும் மழையையும் நொந்துகொள்வர்.

எனவே எருக்கலையை வளர்த்தல் ஒரு செடியை வளர்த்தல் மாத்திரமன்று. அருகில் ஆவரையும், மூலையில் ஒரு பட்ட மரக்குற்றியும், தின்னப்பட்ட இலையைப் பொறுக்கும் மனமும் அதனோடு சேர்ந்து வேண்டப்படுவன. பாடசாலை வளவு ஒன்றிற் பத்தடிக்குப் பத்தடி நிலம் ஒதுக்கி இவற்றை அமைப்பின், பூவின் உறுப்புகளையும் பூச்சியின் வாழ்க்கை வட்டத்தையும் மாணாக்கர் படத்திலன்றி நேரிலே கண்டு கற்பர். செலவு ஒன்றுமில்லை, விதை தெருவோரத்திலேயே கிடக்கின்றது. கபிலர் கூறிய தெய்வம் போல் எளியதை ஏற்கும் உள்ளம் ஒன்றே வேண்டற்பாலது.